முதுகுக்குப் பின்னால் ஒரு கை

எங்கள் பேருந்து நிலையத்துக்கு வந்துபோகிறவர்களில் என் அண்ணியின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் யாருமே கிடையாது. மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, சோம்பல் முறித்தால் இரண்டு பக்கச் சுவரும் கையில் இடிக்கிற ஒரு அறை. அதில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்வதுதான் அவர் வேலை. என் அண்ணன் டிரைவர். அண்ணியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தக் குரலில் அவன் விழுந்துவிட்டான். தன் வண்டியை அவர் கூப்பிடுவதைச் சரியாகக் கேட்க வேண்டும் என்று இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பானாம். வண்டியை நேரத்துக்கு எடுக்கவில்லை என்று அவன் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டெல்லாம் அந்தக் காதல் கணக்கில் வரும்.

நானும் அதே நிலையத்தில்தான், முன்பதிவு கவுண்டரில். எனக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் ஹாரன். வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் வருகிறவனைப் பார்த்தால் கத்துவேன். கண்ணாடியில் சாய்கிறவனைப் பார்த்தால் கத்துவேன். கத்தாமல் இருந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள். போக்குவரத்துக் கழகத்தின் பெண்கள் கால்பந்து அணியில் நான் கோல்கீப்பர், அங்கேயும் இதே கதைதான். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை நான் கத்துவதால், நான் சொல்வது யார் காதிலும் ஏறுவதில்லை. தெருவில் அடிக்கிற ஹாரனுக்கு யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அண்ணி நேர் எதிர். வீட்டில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மைதானத்தில் ஒரே ஒரு சொல்தான் கத்துவார். நான்கு தடுப்பாட்டக்காரர்களில் நடுவில் நிற்பவர் அவர். எதிரணி ஃபார்வர்டு எங்கள் கோலை நோக்கி நழுவுகிற நேரம் பார்த்து, "ஏறு!" என்பார். நான்கு பேரும் ஒரே வீச்சில் முன்னால் ஓடுவார்கள். பந்து உதைபடும்போது அந்த ஃபார்வர்டு மட்டும் எங்கள் வரிசைக்குப் பின்னால் தனியாக நிற்பாள், கொடி உயரும், ஆஃப்சைடு. ஒரு கண் இமைப்பு முந்தினாலும் பிந்தினாலும் கதை கந்தல். நால்வரில் ஒருத்தி நின்றுவிட்டாலும் போச்சு, அவளால் எதிராளிக்குப் பாதை திறந்துவிடும். எங்கள் அணியில் வேகமான கால் எவளுக்கும் இல்லை. இருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்.

மழைக்காலத்தில் நிலையத்து ஒலிபெருக்கி பழுதாகிக் கிடந்தது. சரிசெய்ய ஆள் வரும்வரை அண்ணி நடைமேடை நடைமேடையாக ஓடி, வெறும் வாயால் வண்டிகளைக் கூப்பிட்டார். முதலில் தொண்டை கட்டியது. பிறகு குரல் கரகரத்தது. பிறகு, "ஆற்றுப்பாலம் வழியாக" என்று தொடங்கினால் "பாலம்" மட்டும் காற்றாக வந்தது. குரல் நாணில் சின்னக் கட்டி என்று சொல்லி அறுவை செய்தார்கள். டாக்டர் அண்ணனையும் என்னையும் உட்காரவைத்துப் பேசினார். "நடக்கலாம், ஓடலாம், வீட்டு வேலை செய்யலாம். நான் சொல்ற வரைக்கும் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. ஒரு தடவை ஓங்கிக் கத்தினாங்கன்னா புண்ணு கிழிஞ்சிடும். அப்புறம் குரல் இப்படித்தான்னு என்னால சொல்ல முடியாது."

இதற்கிடையில் மாடி அறையில் ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் யாரோ ஒரு பெண், வண்டி வந்தாலும் வராவிட்டாலும், ஒரே தொனியில் பேசினாள். வராத வண்டியைப் புறப்படச் சொல்வாள், புறப்பட்ட வண்டியை வரவேற்பாள். எனக்கு அவளை ஓங்கி ஒன்று விடவேண்டும் போலிருந்தது. ஆனால் நிலைய மேலாளருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவளுக்குத் தொண்டை கட்டாது, லீவு கேட்க மாட்டாள். "உங்க அண்ணி குரல் சரியானதும் ஒரு நாள் பேச வச்சுப் பார்ப்போம். சரியா இல்லைன்னா தொலைந்த பொருள் அறையில ஒரு இடம் இருக்கு," என்றார். தொலைந்த பொருள் அறை என்பது சாவிகளும் குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் தூசி பிடித்துக் கிடக்கிற இடம்.

அந்த நிலைமையில்தான் துறைகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் வந்தது.

எங்கள் பயிற்சியாளர் டிப்போ மெக்கானிக். பெயர் ஸ்பேனர். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் ஸ்பேனர் வைத்திருப்பார். பட்டறை மேசையில் வீல் நட்டுகளைப் பரப்பி எங்களுக்கு ஆட்டம் சொல்லித்தருவார். பின்னால் நான்கு நட்டு, நடுவில் நான்கு, முன்னால் இரண்டு. எனக்கு மட்டும் ஒரு பழைய பல்சக்கரம். அன்றைக்கு நால்வர் வரிசையிலிருந்து அண்ணியின் நட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இந்தத் தடவை நீங்க வேண்டாம்மா. சத்தம் இல்லாம அங்க நின்னு என்ன பண்ணுவீங்க? பக்கத்துல நிக்கிறவ உங்களைப் பார்ப்பாளா, பந்தைப் பார்ப்பாளா?" என்றார்.

"ஆமா அண்ணி, பேசாம வெளியில உட்காருங்க," என்றேன் நான்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓரமாகக் கிடந்த தன் நட்டை எடுத்தார். முன்னால் இருந்த இரண்டு ஃபார்வர்டுகளில் ஒன்றை நடுவரிசைக்கு இழுத்தார், நடுவரிசையிலிருந்து டயர் கிடங்குப் பெண்ணின் நட்டைத் தன் பழைய இடத்துக்குத் தள்ளினார். எல்லாம் முடிந்து தன் நட்டை நால்வர் வரிசைக்கு முன்னால், தன்னந்தனியாக வைத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஒரு கையைப் பின்னால் கட்டினார்.

ஸ்பேனருக்குப் புரிந்துவிட்டது. வரிசைக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவளுக்குக்கூட அவர் கை தெரியாது. வரிசைக்கு முன்னால் நின்றால் நான்கு பேருக்கும் அவர் முதுகு தெரியும். எதிரணியில் பந்தை அனுப்பப் போகிறவள் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பாள். அவள் தலை குனிந்தால் பந்து வரப்போகிறது என்று அர்த்தம். அந்த நொடியில் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினால் போதும், வாயே வேண்டாம். நாலு, ஒன்று, நாலு, ஒன்று என்று மேசையைத் தட்டி எண்ணிவிட்டு, "உள்ளங்கையை விரிச்சா ஏறணும். மூடினா நிக்கணும். சரிதானே?" என்றார் ஸ்பேனர். எல்லோரும் தலையாட்டினோம். பயிற்சியில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

எதிரணி மருத்துவமனை நர்ஸுகள். அவர்களுடைய ஃபார்வர்டுக்கு ஊசி என்று பெயர். எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவாள். அதைவிட வில்லங்கம், அண்ணி படுத்திருந்த தொண்டை வார்டில்தான் அவளுக்கு வேலை. ஆட்டம் தொடங்கும் முன் நேராக அண்ணியிடம் வந்தாள். "அக்கா, விளையாடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு சத்தம் வெளிய வந்துச்சு, நானே டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிடுவேன்," என்றாள்.

"அதெப்படி, எங்க ஆளு வாயைக் கட்டிட்டா உனக்கு கோல் அடிக்க வசதி, இல்ல?" என்று நான் பாய்ந்தேன். அவள் பாட்டுக்குத் தன் அணியிடம் போனாள். அண்ணி என் தோளில் ஒரு தட்டு தட்டி, போய்க் கோலில் நில் என்று கண்ணால் காட்டினார்.

மைதானம் முதல்நாள் மழையில் ஊறிக் கிடந்தது. முதல் பாதி முழுவதும் ஊசி வருகிறாள், போகிறாள், பந்து இல்லாதபோதும் எங்கள் வரிசையை உரசிக்கொண்டே திரிகிறாள். என் கண் அவள் காலில் இல்லை, அண்ணியின் கழுத்தில் இருந்தது. பழக்கம் அவரை மீறிக் கத்தவைத்துவிடுமோ என்பதுதான் பயம். சேற்றில் வழுக்கும்போது நமக்கே தெரியாமல் "அம்மா" என்று ஒரு சத்தம் வருமே, அது வந்தால்கூடப் போச்சு. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது கோலிலிருந்தே தெரிந்தது.

அப்போதுதான் அது நடந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு தலை குனிந்தாள். அண்ணியின் முதுகில் உள்ளங்கை பளிச்சென்று விரிந்தது. மூன்று பேர் முன்னால் பாய்ந்தார்கள். வலது ஓரத்தில் நின்ற டிரைவரம்மா மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றாள். அந்த ஒருத்தியால் ஊசிக்கு வழி சட்டப்படி திறந்தது. பந்தை எனக்கு மறுபக்கம் தள்ளிவிட்டுப் போனாள். கோல்.

இடைவேளையில் நான் டிரைவரம்மாவைக் குதறிவிட்டேன். "நீ ஏன்டி நின்ன? கை காட்டினாங்கல்ல?"

"காட்டினாங்க. அதான் நின்னேன்."

"விரிச்சா ஏறணும்னுதானே பேச்சு?"

"எனக்குத் தெரியும் ஹாரன். என் காலுக்குத் தெரியலையே!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் டிப்போவுக்குள் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் டிரைவர். காலையிலிருந்து மாலைவரை கண்ணாடியில் பின்னால் நிற்பவனின் கையைப் பார்த்துப் பார்த்து வண்டியை நகர்த்துகிறவள். உள்ளங்கை விரிந்தால் அவள் கால் பிரேக்குக்குத்தான் போகும். "பயிற்சியில யோசிச்சு யோசிச்சு ஓடினேன். இங்க யோசிக்க நேரம் எங்க இருக்கு?" என்றாள்.

ஸ்பேனர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவரும் வாழ்க்கை முழுக்க அதே டிப்போவில் "வரட்டும், வரட்டும்" என்று வண்டிக்குக் கை காட்டியவர்தானே. பேருந்துக்காரர்களைப் பார்த்து உள்ளங்கையை விரித்து, ஓடு என்று சொன்ன புத்திசாலி உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும்.

அண்ணியின் தோள்கள் குலுங்கின. பயந்துபோய்ப் பார்த்தால், தொண்டையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரிக்கிறார். சிரித்து முடித்து, டிரைவரம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். வா, வா, வா. நின்றுகொண்டிருந்த டிரைவரம்மாவின் கால் தானாக ஒரு அடி முன்னால் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாம் பாதியில் அந்தக் கைக்கு எங்கள் வரிசை ஒரு நீளமான வண்டி மாதிரி நகர்ந்தது. விரல் மடங்கினால் வரும், உள்ளங்கை விரிந்தால் நிற்கும். ஊசி மறுபடி மறுபடி கொடிக்குள் சிக்கினாள். ஒருமுறை இடுப்பில் கை வைத்து எங்கள் வரிசையை முறைத்துப் பார்த்தாள், எப்படி இந்தப் பேய்கள் பேசிக்கொள்கின்றன என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கார்னரிலிருந்து வந்த பந்தை டயர் கிடங்குப் பெண் தலையால் முட்டி உள்ளே தள்ளினாள். ஆட்டம் சமநிலை. இப்படியே முடிந்தால் பெனால்டி, அது என் ராஜ்ஜியம். எனக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணி எங்கள் கோலுக்குக் கிட்டே வந்துவிட்ட ஒருத்தியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கப் போய், சேற்றில் வழுக்கிக் குப்புற விழுந்தார். கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பந்து அவர்களுக்கே போனது. எங்கள் வரிசையோ அந்த முதுகையே பார்த்தபடி நின்றது. கை வந்தால் போவார்கள், வராவிட்டால் நிற்பார்கள், வண்டி அப்படித்தானே. ஊசி நழுவ ஆரம்பித்தாள்.

"ஏறு!" என்று நான் கத்தினேன். "ஏறுங்கடி! ஏறு!" ஒருத்தி அசையவில்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து நான் கத்திக்கொண்டேதானே இருக்கிறேன்.

அப்போது அண்ணி தலையைத் தூக்கினார். சேறு அப்பிய முகம். வரிசையைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பதை நான் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கோலை விட்டு ஓடினேன். பந்தின் பக்கம் அல்ல. பாய்ந்து அண்ணியின் மேல் விழுந்து, கையுறை போட்ட கையால் அவர் வாயை அப்படியே அழுத்திப் பொத்தினேன். என் உள்ளங்கையில் அவர் மூச்சு சூடாக முட்டியது. சத்தம் வரவில்லை.

எங்களுக்குப் பின்னால் ஊசி, ஆளில்லாத கோலுக்குள் பந்தை உருட்டிவிட்டாள்.

அவள் கொண்டாடவில்லை. திரும்பி நேராக எங்களிடம் ஓடிவந்து மண்டிபோட்டாள். "சத்தம் வந்துச்சா?"

"வரல."

"நெஜமா?"

"என் கைதானே வாயில இருந்துச்சு. வரல."

அவள் பெருமூச்சு விட்டாள். ஆட்டத்துக்கு முன் அவளைப் பேசிய பேச்சை நினைத்து எனக்குக் கூசியது. அண்ணி என் கையைத் தட்டிவிட்டு எழுந்து, மண்ணைத் துப்பினார். கோலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என் எதிரிக்குக்கூட வரக் கூடாது. "கோல்கீப்பர் கோலை விட்டுட்டு வந்து சொந்த அண்ணி வாயைப் பொத்தின அதிசயத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்றாள் டிரைவரம்மா. ஆட்டம் அதோடு முடிந்திருந்தது, ஸ்பேனர் கொடிக்கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அண்ணி என்னோடு பேசவில்லை. அவர் யாரோடும்தான் பேசவில்லை, ஆனால் வித்தியாசம் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் இன்னும் வேண்டுமா என்று என் தட்டின் விளிம்பை விரலால் தட்டிக் கேட்பார். இப்போது பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

"அண்ணி குரலைக் காப்பாத்தத்தானே செஞ்சேன்? நீயாவது சொல்லேன்," என்று அவனிடம் சண்டை போட்டேன்.

"சரியா தப்பான்னு எனக்குத் தெரியல," என்றான். "ஆனா அது அவ தொண்டை. கத்தறதா வேண்டாமான்னு முடிவெடுக்க வேண்டியதும் அவதான்."

"அந்தக் குரல்ல நமக்குப் பங்கு இல்லையா அப்ப?"

அன்றைக்கு அண்ணி கத்தியிருந்தால் ஊசி கொடிக்குள் சிக்கியிருப்பாள், அதில் சந்தேகமில்லை. தொண்டை கிழிந்திருக்குமா என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். படுத்தால் அதுதான் என்னைப் போட்டு அரித்தது.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு மேலாளர் ஒரு நாள் குறித்தார். கையைக் கட்டிக்கொண்டு நடைமேடையில் வந்து நின்றார். அண்ணி படியேறுவதை நான் கவுண்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்குப் பயணிகள் கேட்ட எதுவும் காதில் விழவில்லை. இயந்திரப் பெண் பாதி வாக்கியத்தில் நின்றாள். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. ஐந்தாம் நடைமேடையில் என் அண்ணன் இன்ஜினை அணைத்தான்.

"பயணிகள் கவனத்திற்கு. ஆற்றுப்பாலம் வழியாகச் செல்லும் வண்டி, ஐந்தாம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது."

பழைய குரல் இல்லை. ஒரு படி கீழே இறங்கியிருந்தது, "பாலம்" என்ற இடத்தில் லேசாக உரசியது. மேலாளர் தலையைச் சாய்த்தார். இவ்வளவுதானா, தொலைந்த பொருள் அறைதானா என்று நினைத்தேன்.

"இரண்டாம் நடைமேடையில் குடையை மறந்துவிட்டு வண்டி ஏறப்போகும் ஐயா, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். மலைப்பாதை வண்டிக்காக நிற்பவர்கள் உட்காரலாம், அது இன்னும் பாலத்தையே தாண்டவில்லை."

பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, ஓடிப்போய்க் குடையை எடுத்து, மாடி ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டினார். காத்திருந்தவர்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். மேலாளர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "அந்த மெஷினைக் கழட்டிக் கீழே கொண்டுவாங்க," என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அவர் கதவு சாத்தும்வரை ஒலிபெருக்கி சும்மா இருந்தது. பிறகு மறுபடி கரகரத்தது.

"முன்பதிவு கவுண்டரில் இருக்கும் ஹாரன் கவனத்திற்கு," என்றது அந்தக் குரல், அதே அலுவலகத் தோரணையில். "கையுறையைத் துவைத்துக் காயப் போடவும். மண் ருசி இன்னும் என் வாயைவிட்டுப் போகவில்லை."

நிலையம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பதிலுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சத்தம் வரவில்லை. கண்ணாடி இடுக்கு வழியாகக் கையை வெளியே நீட்டி, மாடி ஜன்னலைப் பார்த்து, விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினேன். வா, வா, வா.

படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.